ஆறு மாதத் தயிர்சாதம்

சிதம்பரம் கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மருந்துக்கடைக்கு மேலே உள்ள மாடியில் இப்போது செல்போன் ரிப்பேர் கடை நடக்கிறது. என் போனில் ஒரு கோளாறும் இருக்காது. இருந்தாலும் சிதம்பரம் போகும்போதெல்லாம் அந்த மாடி ஏறி, பேருக்கு ஒரு ரீசார்ஜ் செய்துகொண்டு, சுவரில் ஆணி அடித்திருந்த பழைய ஓட்டைகளைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். அந்த ஆணிகளில் ஒரு காலத்தில் சிரிக்கும் குழந்தைகளின் படங்கள் தொங்கின. அவை இப்போது இல்லை என்று பார்ப்பதில் எனக்கு ஒரு சுகம் இருக்கிறது. கெட்ட சுகம்தான், மறைக்க மாட்டேன்.

நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் மகளுக்கு மூன்று வயதானபோது, 2004-ல், ஆட்டிசம் என்று சொன்னார்கள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தீர்மானமாக இருந்தாள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் தயிர்சாதம், கூட ஓர் அப்பளம். பருப்புசாதத்தை ஒரு பருக்கை ஒளித்து வைத்தாலும் நாக்கால் பிரித்தெடுத்துத் துப்பிவிடுவாள். குழையப் பிசைந்த தயிர்சாதத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு இந்த உலகத்தோடு ஒரு சண்டையும் கிடையாது. எனக்கும் அந்தப் பத்து நிமிஷம்தான் நிம்மதி.

2007-ல் யாரோ சொல்லி அந்த மாடிக்குப் போனோம். அங்கிருந்தவரை எல்லாரும் டயட் சார் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் இல்லை. சுனாமிக்குப் பிறகு உதவி செய்கிறோம் என்று நம் கடற்கரைக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கிய ஆட்களோடு வந்தவர், மற்றவர்கள் திரும்பிப் போனபோது இவர் மட்டும் தங்கிவிட்டார். மெதுவான குரல். எந்தப் பெண்ணையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். என் மகளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“தப்பு கொழந்தகிட்ட இல்லம்மா. உங்க கிச்சன்ல இருக்கு.”

பால், தயிர், மோர், நெய் கூடாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா கூடாது. ஆறு மாதம் ஒரு துளிகூட உள்ளே போகாமல் இருந்தால் குழந்தை பேசும் என்றார். நான் நம்பினேன். படித்தவள் எப்படி நம்பினாய் என்று பிற்பாடு என்னைக் கேட்டவர்கள் உண்டு. ஆறு வயதுவரை ஒரு முறைகூட “அம்மா” என்று கூப்பிடாத குழந்தையை வைத்துக்கொண்டு அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும், பதில் சொல்கிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. அதை டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொன்னால் நிறுத்தத்தான் வேண்டும். அதோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. என் சண்டை எல்லாம் அந்த மாடியோடு.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டம் நடக்கும். இருபது அம்மாக்கள் வருவோம். ஆளுக்கொரு நோட்டு. குழந்தையின் வாய்க்குள் போனதையெல்லாம் அதில் வேளைவாரியாக எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொருத்தியாக எழுந்து, எல்லார் முன்னாலும், ‘லீக்’ சொல்ல வேண்டும். லீக் என்றால் கூடாதது உள்ளே போய்விட்டது என்று பொருள். “சார், எங்க மாமியா ஒரு பிஸ்கட் குடுத்துட்டாங்க.” “சார், பக்கத்து வீட்ல பால்கோவா தின்னுட்டான்.” சொன்னவள் நோட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். ஆறு மாதக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. லீக் இல்லாதவளுக்குப் பச்சை மையில் ஒரு நட்சத்திரம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பச்சை நட்சத்திரத்துக்காக நாங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல ஏங்கினோம்.

நம் ஊரில் ஒரு குழந்தையின் வாயைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியமா? வீட்டுக்கு வருகிறவர்கள் பிஸ்கட் பாக்கெட் இல்லாமல் வர மாட்டார்கள். கடைக்காரர் மிட்டாய் நீட்டுவார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முறுக்கை உடைத்துக் கையில் வைப்பாள். “இதுல என்ன போட்ருக்கீங்க?” என்று கேட்டுக் கேட்டு உறவில் பாதிப்பேரை நான் பகைத்துக்கொண்டேன். அப்படியும் ஐந்து மாதம் ஒரு லீக் இல்லாமல் ஓட்டிவிட்டேன். தயிருக்குப் பதில் தேங்காய்ப்பாலை ஊற்றிப் பிசைந்த சாதம். என் மகள் அதை முகர்ந்து பார்த்துத் தட்டைத் தள்ளுவாள். பசி பொறுக்காத வேளைகளில் வெறும் சாதத்தையும் அப்பளத்தையும் தின்பாள். ரசத்தின் தெளிவை மூக்கைப் பிடித்து ஊற்றுவேன்.

அந்த ஐந்தாவது மாதத்தில் டயட் சார் சமையலறை டப்பாக்களை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். என் பையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார்.

“என்னம்மா இது? கோதுமை மாவுன்னு போட்டிருக்கான்.”

இருபது அம்மாக்களும் ஒரே நேரத்தில் ‘ச்சொ’ என்றார்கள். கடையில் விற்கும் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்பது வேதியியல் படித்த எனக்குத் தெரியாமல் போயிருந்தது. தினம் ரசத்தில் ஒரு சிட்டிகை. ஐந்து மாதமும் லீக். சிவப்புக் கோடு. அன்று பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை என்பதை நினைத்தால்தான் இன்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஆறுதல் சொன்னவள் பரங்கிப்பேட்டைக்காரி. புருஷன் சவூதியில். ஒரே பையன், என் மகளைவிட ஒரு வயது மூத்தவன். பால் டீயில் நனைத்த பொறை, அந்த மைதா ரொட்டி, மட்டும்தான் தின்பான். போகும்போது முட்லூரில் என் பஸ்ஸில் ஏறுவாள். நான் அவளுக்கு இடம் போட்டு வைத்திருப்பேன். திரும்பும்போதும் முட்லூர்வரை ஒன்றாகத்தான் வருவோம். அவளுக்கு மனசு இளகின மனசு. பையன் அழுதால் ஒரு பொறையைக் கொடுத்துவிடுவாள், கொடுத்ததை அடுத்த சனிக்கிழமை ஒளிக்காமல் சொல்லிவிடுவாள். அவள் நோட்டு முழுக்கச் சிவப்பு.

“உங்களுக்காச்சும் தெரியாம நடந்துச்சு டீச்சர். நான் தெரிஞ்சே குடுக்குறேன். எனக்குல்ல அல்லா கேள்வி கேப்பான்” என்றாள்.

அடுத்த ஆண்டு ஆவணியில் மேல்பட்டாம்பாக்கத்தில் என் கணவர் வழியில் ஒரு கல்யாணம். அதற்குள் என் மகளின் கவுன்கள் தோளிலிருந்து நழுவ ஆரம்பித்திருந்தன. பந்தியில் மோர் வரும் நேரத்துக்கு முன்பே அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். யாரோ ஒருத்தி நலம் விசாரித்துப் பேச்சுக் கொடுத்தாள். ஒரு நிமிஷம்தான். என் கையை உதறிக்கொண்டு மகள் ஓடினாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் இலையில் தயிர் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் இலையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. “புள்ள சாப்புடட்டும் உடும்மா. பசி போல” என்று இலையை அவள் பக்கம் நகர்த்தினார்.

நான் விடவில்லை. அவள் தாடையை அழுத்திப் பிடித்து, வாய்க்குள் விரலை விட்டுச் சோற்றை நோண்டி எடுத்தேன். பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் என் விரலைக் கடித்தாள். எலும்புவரை இறங்கிய கடி, ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. கடித்துக்கொண்டே என் கண்ணை நேராகப் பார்த்தாள். ஏழு வருஷமாக எந்தப் பார்வைக்காக நான் தவம் கிடந்தேனோ அந்தப் பார்வை. அதில் இருந்தது பயம்.

அடுத்த சனிக்கிழமை கட்டுப்போட்ட விரலோடு எழுந்து நின்று லீக் சொன்னேன். எப்படி நடந்தது என்று முழுசாகச் சொன்னேன்.

“முழுங்கிட்டாளாம்மா?” என்றார் டயட் சார்.

“பாதி முழுங்கிட்டா சார். மீதிய எடுத்துட்டேன்.”

“அப்ப திரும்ப மொதல்லேருந்துதான்” என்று சிவப்புக் கோட்டைப் போட்டார். போட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “ஆனா இவங்களுக்கு எல்லாரும் கை தட்டுங்க. வெரல உட்டு எடுத்திருக்காங்க பாருங்க. அம்மான்னா இப்புடி இருக்கணும்.”

கை தட்டினார்கள். பரங்கிப்பேட்டைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். பசித்த குழந்தையின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியதற்குக் கைதட்டல். அந்தச் சத்தத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒன்றரை வருஷத்தில் இந்த இருபது பேரில் ஒருத்திகூட ஆறு மாதத்தை முடித்ததில்லையே என்று அப்போதுதான் யோசித்தேன். முடிக்கவே முடியாது. முடிப்பதற்குள் ஒரு லீக் வந்துவிடும், வராவிட்டால் அவரே ஒரு பெருங்காய டப்பாவைக் கண்டுபிடிப்பார். குழந்தை பேசாததற்கு எப்போதும் ஓர் அம்மா குற்றவாளியாகக் கிடைப்பாள். தோற்கவே முடியாதபடி அமைத்துக்கொண்ட சோதனை சோதனையே அல்ல. இதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷாவருஷம் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

செய்முறை வகுப்பில் ஒரு தினுசுப் பையன்கள் உண்டு. விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அளவுகளைப் பின்னாலிருந்து ரெக்கார்டு நோட்டில் நிரப்புவார்கள். அவர்களைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவேன். அந்த வித்தையை நானே செய்தால் எவராலும் பிடிக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்கினேன். காய்ச்சி உறை ஊற்றினேன். மறுநாள் காலையில் என் மகள் மூன்று தட்டு தயிர்சாதம் சாப்பிட்டாள். நான் நோட்டை எடுத்து, தேதி போட்டு, ‘தேங்காய்ப்பால் சாதம்’ என்று எழுதினேன்.

என் கணவர் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தவர், அதிகம் பேச மாட்டார். “அதான் தயிர் குடுக்க ஆரம்பிச்சுட்டியே, அங்க போறத நிறுத்திட வேண்டியதுதானே?” என்றார்.

“நிறுத்துனா அந்தாளு தப்பிச்சுடுவாரு” என்றேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறவில்லை. ஆறு மாதம், ஒரு வேளை விடாமல், நோட்டில் பொய் எழுதினேன். பார்க்க மெய்யாக இருக்க வேண்டும் என்று நடுநடுவே ‘பாதி சாப்பிட்டாள்’, ‘துப்பினாள்’ என்றும் சேர்த்தேன். பச்சை நட்சத்திரங்கள் ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று ஏறின. மகளுக்குக் கன்னம் வந்தது. நன்றாகத் தூங்கினாள். ஒரு நாள் தட்டை என் பக்கம் நீட்டி “தா” என்றாள். அவள் சொன்ன முதல் வார்த்தை. நான் தயிர் படிந்த கரண்டியோடு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அதையும் மாடியில் போய்ச் சொன்னேன்.

“பாத்தீங்களா? பால நிறுத்தினதுக்குப் பலன்” என்றார் டயட் சார். அவர் கண் கலங்கியது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை என் பழி சுத்தமாக நடந்தது. இனி சொல்லப்போவது சுத்தமில்லாதது.

நட்சத்திரங்கள் ஏற ஏற, மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துப் பத்தியத்தில் இன்னும் கெட்டியானார்கள். பஸ்ஸில் ஒரு நாள் பரங்கிப்பேட்டைக்காரி என் நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தாள்.

“எப்புடி டீச்சர் முடியுது ஒங்களால? புள்ள அழுவுறப்ப என்ன பண்ணுவீங்க?”

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் எங்கள் பேச்சைக் கேட்க யாரும் இல்லை. ஆனால் அவள் வாயில் எதுவும் நிற்காது, அடுத்த சனிக்கிழமையே எழுந்து நின்று சொல்லிவிடுவாள், என் ஆறு மாதம் வீணாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

“மனச கல்லாக்கிக்கணும்மா” என்றேன்.

அவள் கல்லாக்கிக்கொண்டாள். பொறையை அடியோடு நிறுத்திவிட்டாள். பையனும் பிடிவாதக்காரன். நாலு நாள் தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றினார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி குத்திய புறங்கையில் பிளாஸ்திரி அப்படியே இருந்தது. ஆனால் அந்த முறை லீக் இல்லை. வாழ்க்கையில் முதல் பச்சை நட்சத்திரம். நோட்டை விரித்து என்னிடம் காட்டினாள்.

“நீங்க சொன்னாப்லயே கல்லாக்கிட்டேன் டீச்சர்.”

என் ஆறு மாதம் முடிய இன்னும் இரண்டு சனிக்கிழமை இருந்தது. நான் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்தேன், நட்சத்திரத்தைப் பார்த்தேன், “நல்லதும்மா” என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

மாசி மாதத்தில் என் ஆறு மாதம் முடிந்தது. அந்த மாடியின் சரித்திரத்திலேயே முதல் ஆள். டயட் சார் அதை ஒரு விழாவாகவே எடுத்தார். கீழே சந்தில் பந்தல், மைக், வெளியூரிலிருந்தெல்லாம் அப்பா அம்மாக்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். என் நோட்டை உயர்த்திப் பிடித்துக் காட்டிவிட்டு, “இந்த அம்மா எப்படிச் சாதிச்சாங்கன்னு அவங்க வாயாலயே கேளுங்க” என்று மைக்கை என் கையில் கொடுத்தார்.

நான் மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பையிலிருந்து டப்பாவை எடுத்து, மேடையிலேயே தரையில் வைத்துத் திறந்தேன். என் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தாள். முன்வரிசைக்குத் தயிர் வாடை போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மைக்கில் சொன்னேன்.

“இது தயிர்சாதம். பெருங்காயம் போட்டுத் தாளிச்சது. ஆறு மாசமா தெனமும் மூணு வேளையும் இததான் சாப்புடறா. இவரு பச்ச ஸ்டார் போட்டது எல்லாம் இதுக்குத்தான்.”

அவர் முகத்தை நான் ஆசைதீரப் பார்த்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். ஆனால் மனுஷன் லேசில் விழவில்லை. ஒரு நிமிஷத்தில் குரலைச் சேர்த்துக்கொண்டு, “அதான் இன்னும் முழுசா பேச்சு வரல, பாத்துக்குங்க” என்றார். பந்தலில் ஒரு தகப்பன் என்னைப் பார்த்துத்தான் கத்தினார். “நீயெல்லாம் ஒரு அம்மாவா?” இருந்த ஒரு நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேனாம். ஆனாலும் அடுத்த கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அந்த மாடி காலியாகிவிட்டது.

அன்று பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பரங்கிப்பேட்டைக்காரி பையனைத் தோளில் போட்டபடி சந்து முனையில் நின்றிருந்தாள். அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“ஆறு மாசம் எம்பக்கத்துலயே ஒக்காந்து வந்தீங்களே டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். அன்று அவள் என் பஸ்ஸில் ஏறவில்லை.

பிறகு அவளை நான் பார்த்தது 2012-ல், கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு முகாம் போட்டபோது. என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் பையன் என் உயரம் வளர்ந்திருந்தான், மெலிவுதான். காலையிலிருந்து வரிசை நகரவில்லை. மதியம் பையன் பசியில் தலையைச் சுவரில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தான். அவள் கொண்டுவந்திருந்த பிளாஸ்கில் டீ தீர்ந்துபோயிருந்தது. நான் எழுந்து போய் என் டப்பாவை நீட்டினேன். கூடவே வந்த என் மகள் தன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பரங்கிப்பேட்டைக்காரி டப்பாவை வாங்கினாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூன்று வருஷம் கழித்து அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

“இதுல என்னென்ன போட்ருக்கீங்க? நெசத்த சொல்லுங்க.”

“சாதம், தயிரு, உப்பு” என்றேன். “கடுகு, இஞ்சி, பெருங்காயம். வேற ஒண்ணும் இல்ல.”

அவள் கொஞ்ச நேரம் டப்பாவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை அழுத்தி மூடி என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வெளியே டீக்கடைக்குப் போனாள்.